ஊரும் பேரும் கேட்காமல்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசைக்கு ஒரு வாடை உண்டு. புளிப்பும் கசப்புமாக மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், லேசில் இறங்காது. போன வாரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த வாடை அடித்தது. பால் பாக்கெட் வாங்க வந்தவன், பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

கழிப்பறைச் சுவர் ஓரமாக ஒருவர் வாளியை வைத்துக்கொண்டு பழைய துடைப்பத்தால் பசை தடவிக்கொண்டிருந்தார். இப்போது எல்லாம் பிளெக்ஸ் என்று ஆகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள் எதற்கும் காகிதம் கிடையாது. சாவுக்கு மட்டும் இன்னும் காகிதச் சுவரொட்டி மிச்சம் இருக்கிறது. அந்த ஆளின் பசை தண்ணீராக இருந்தது, சுவரில் வழிந்து ஓடியது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் வாளியைப் பிடுங்கியிருப்பாய். "தோசை மாவுப் பதம் கதிர், கஞ்சிப் பதம் இல்ல" என்று என்னிடம் எத்தனை தடவை கத்தியிருக்கிறாய். அதை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். கடைசியாக நான் சந்தோஷமாக உன்னை நினைத்த நேரம் அதுதான்.

அவர் சுவரொட்டியை விரித்து ஒட்டி, கையால் நீவிவிட்டார். சுருக்கம் போய் முகம் தெரிந்தது. தாடி, தடித்த கண்ணாடி, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு. மேலே பதினாறாம் நாள் நினைவஞ்சலி என்று போட்டிருந்தது.

நீ.

கீழே ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. பெயருக்குக் கீழே ஒரு ஊர், அதையும் நீ சொல்லி நான் கேட்டதில்லை. பெரம்பலூர் போகிற பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் வருகிற ஊர். அங்கே இருந்திருக்கிறாய். இத்தனை வருடமும் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில்தான் இருந்திருக்கிறாய்.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. புதிய காகிதத்துக்கு அடியில், கிழிந்தும் நைந்தும், பழைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று இருந்தது. அதே பெயர். அது ஒட்டிய சமயத்தில் நான் அங்கே நின்றிருக்கிறேன். சென்னையிலிருந்து வருகிற மகனுக்காகக் காத்திருந்தேன், பொழுது போகாமல் அதை முழுதாகப் படிக்கவும் செய்தேன். தாடி இல்லாத, நெற்றி நிறைய விபூதி வரைந்த, ஸ்டுடியோவில் மழமழவென்று வழித்தெடுத்த முகம். பெயருக்குப் பின்னால் ஒரு சாதி வால். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். உன் சாவைப் படித்துவிட்டு டீ குடித்தேன். டீ நன்றாகவும் இருந்தது.

உன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சுவரொட்டியில் இருந்ததையும் சரி, நான் உன்னைக் கூப்பிட்டதையும் சரி. பெயரைக் காகிதத்தில் எழுதாதே என்பதுதான் நாம் கற்ற முதல் பாடம். அமைப்பு போய்விட்டது, கொள்கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன, அந்தப் பாடம் மட்டும் எனக்குள் துரு ஏறாமல் இருக்கிறது.

அமைப்பு என்கிறேன். ஒரு வேனில் அடங்கிவிடுகிற ஆட்களை வேறு எப்படிச் சொல்வது? ஒரு பெரிய கட்சியிலிருந்து உடைந்த துண்டிலிருந்து உடைந்த துண்டு நாம். தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றை யாராவது எவ்வளவு தடிமனாக எழுதினாலும் அதில் நமக்கு அடிக்குறிப்புகூடக் கிடைக்காது. ஆனால் இந்த அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டமும் அன்றைக்கு ஒரே மாவட்டத்தின் ஓரமாகக் கிடந்தபோது, இதன் சுவர்களில் காவிக்கல் குழைத்து எழுதிய எழுத்தெல்லாம் நம்முடையதுதான். புரட்சி பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது, நம் ஊர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறது என்கிற மாதிரிதான் நாம் நடமாடினோம்.

சேர்ந்த அன்றைக்கே ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கதிர் என்று வைத்தவர் நம் செயலாளர். நாம் அவரைப் பெரிய தோழர் என்போம். அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே விதியைச் சொன்னார். சொந்தப் பெயரைக் கேட்கக் கூடாது. ஊரைக் கேட்கக் கூடாது. அப்பா என்ன வேலை என்று கேட்கக் கூடாது. கேட்காமலே தெரிந்துவிட்டால் மறந்துவிட வேண்டும். அன்றைக்கு நீயும் அங்கே இருந்தாய், மூலையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டு, "ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு நெனைக்காத. ரெண்டு மாசத்துல உம் பேரே உனக்கு மறந்து போயிடும்" என்றாய். கூட்டத்துக்குள் 'தோழர்', 'நீங்க'. வெளியே வந்தால் 'நீ', 'டா'. நம் இருவருக்கும் அது எழுதாத ஒப்பந்தம்.

அந்த விதி போலீசுக்குப் பயந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது நமக்கு வேறொன்றையும் கொடுத்தது. நம் பக்கத்தில் ஊரைச் சொன்னால் அடுத்து தெருவைக் கேட்பான். தெருவைச் சொன்னால் சாதி தானாக வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு கேள்வி இல்லாமல், நாம் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, ஒரு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு வருடக்கணக்கில் இருந்தோம். சுவரொட்டியைப் பார்த்துத்தான் உன் சாதி எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு அது தெரியாமல் இருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் கண்ட சோஷலிசம். நமக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

என்ன சாதித்தோம் என்று மகன் ஒரு தடவை கேட்டான். குவாரியில் கல் உடைக்கிற பெண்களுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி என்றேன். அவன் மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தான். மேலே ஒன்றும் இல்லை. அந்தத் தொட்டிக்காக நாம் எத்தனை நாள் சுண்ணாம்புத் தூசியில் நின்றோம், அந்தப் பெண்களோடு நீ எப்படி வெயிலில் உட்கார்ந்து தகராறு செய்தாய், தொட்டி வந்த அன்றைக்கு முதல் சொம்புத் தண்ணீரை அவர்கள் உன் தலையில் கவிழ்த்ததும் நீ குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்ததும் அவனுக்குப் புரியாது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே இப்போது சொல்லும்போது சின்னதாகத்தான் இருக்கிறது.

புருவத் தழும்பு கீழப்பழுவூர் பக்கம் சுவரொட்டி ஒட்டப் போனதில் வந்தது. விடிந்துகொண்டிருந்தது. நீ பசை தடவுகிறாய், நான் காகிதம் விரிக்கிறேன். ஜீப் வந்தது. ஒருவர் பிடிபட்டால் மற்றவர் ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு, நான் ஓடினேன். உன்னைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது கன்னம் வீங்கி, புருவம் கிழிந்து, இடது காலை லேசாக இழுத்து நடந்தாய். கோயில் பின்புறம் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து சொன்னாய். அதை நீ சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"ஒன்னயத்தான் கேட்டாங்க. கதிர் யாரு, எந்த ஊரு, அவன் அப்பன் பேரு என்னன்னு. நான் வீரன்லாம் இல்ல கதிர். மூணாவது நாளு, தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். நல்லவேளை எனக்குத் தெரியல. தெரியாதத எவனும் அடிச்சு வாங்க முடியாதுல்ல."

சொல்லிவிட்டு அழுதாய். அடித்ததற்காக அழவில்லை. சொல்லியிருப்பேனே என்பதற்காக அழுதாய். எனக்கு உன்மேல் எந்த நாளும் இல்லாத பிரியம் அன்றைக்கு வந்தது. என் ஊரையும் பேரையும் அந்த நிமிடமே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நீ உன் கையால் என் வாயைப் பொத்தினாய். பசை காய்ந்து உரிகிற கை.

நம்மை உடைத்தது போலீஸ் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். நம்மை உடைத்தது ஒரு 'அரை'. லப்பைக்குடிக்காட்டில் நமக்கு இடம் கொடுத்த தையல்கார பாயின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அது நடந்தது. இந்தியா அரைக்காலனி நாடா, புதுக்காலனி நாடா? காலையில் தொடங்கிய விவாதம் மதியம் தாண்டிப் போனது. வெளியே நாலு ஊர்ச் சனம் கூலிக்கு அலைந்துகொண்டிருந்தது, நாம் உள்ளே நாட்டுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். பாய் தேநீர்க் கிளாசுகளோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பிங்களா, அரையோ முழுசோ, சண்டை போடாம பங்கு வச்சுக்கிடக் கூடாதா? இன்ஷா அல்லா நாளைக்குப் பேசுங்களேன். தொண்டை கட்டிப் போச்சு எல்லாருக்கும்."

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். பெரிய தோழர் கைதூக்கச் சொன்னார். நீ அரைக்குத் தூக்கினாய், நான் புதுசுக்குத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இப்போது கேட்டால் எனக்கு ஒரு காரணமும் வரமாட்டேன் என்கிறது. அந்த ஆவணத்தை நான் முழுதாகப் படித்திருந்தேனா என்பதுகூட சந்தேகம்தான். உன்னை ஒரு நாள் கேட்டிருந்தால் நீயும் இதையே சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது உன் கையைப் பிடித்தேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "சரிங்க தோழர், வரேன்" என்றாய். தெருவில் நின்றுகொண்டு, நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, முதல் தடவையாக 'ங்க' போட்டாய். போலீஸ் அடித்ததை நீ தாங்கினாய். அந்த 'ங்க'வை என்னால் தாங்க முடியவில்லை. பாய் கடை வாசலில் நின்று உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீ வெள்ளாற்றுப் பக்கம் திரும்பி மறைந்தாய்.

எதிர்ப் பிரிவோடு தொடர்பு வைக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் முடிவெடுத்தார்கள். ஒருவரை ஒருவர் தேடுவதற்கு நமக்கு இருந்த ஒரே வழி பாய்தான். அவரும் கொஞ்ச நாளில் மகனோடு துபாய்க்குப் போய்விட்டார். கடை செல்போன் கடையாகிவிட்டது. உன் பிரிவு வேறொரு பிரிவோடு சேர்ந்து, மறுபடி உடைந்து, கடைசியில் நீ மட்டும் பாக்கி என்று கேள்விப்பட்டேன். என் பிரிவில் பெரிய தோழர் செத்துப்போனதும் கூட்டம் போட ஆள் இல்லை. நான் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தேன். கல்யாணம், பிள்ளை, சர்க்கரை வியாதி என்று எல்லோருக்கும் வருகிறதெல்லாம் வந்தது. உன்னைத் தேட எனக்கு ஆசை இருந்தது, தேட எதை வைத்துத் தேடுவது? ஊர் தெரியாது. பேர் தெரியாது. கடையில் எத்தனை ஆயிரம் அடையாள அட்டைகளைப் பிரதி எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் முகத்தைப் பார்ப்பேன். நீ வரவே இல்லை.

பிறகு ஒரு நாள் வந்தாய். கடைக்கு இல்லை, பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில். எனக்கு நரைத்திருந்தது, உனக்கு நரைத்த தாடி. பின்னாலிருந்து "கதிர்" என்று ஒரு குரல். என் பெண்டாட்டிக்குத் தெரியாத, என் பிள்ளைக்குத் தெரியாத பெயர். திரும்பினால் நீ, ஒரு கையில் சின்ன வெங்காய மூட்டை, அதே கால் இழுப்பு.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். "உன் அரை எப்படி இருக்குடா?" என்றேன்.

"முக்காலாயிடுச்சு" என்றாய். "உன் புதுசு?"

"பழசாப் போச்சு."

அதற்கு நாம் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உனக்கு ஒரு மகள், காலேஜில் படிக்கிறாள் என்றாய். மாமனார் கொடுத்த நிலத்தில் வெள்ளாமை பார்க்கிறேன் என்றாய், சொல்லிவிட்டு நீயே தலையில் அடித்துக்கொண்டாய். "எனக்கும் வெள்ளாமைக்கும் என்னடா சம்பந்தம்? களை எது பயிர் எதுன்னு இன்னமும் எம் பொண்டாட்டிதான் காட்டணும். நெலத்துல கால வச்சாலே கோவம் கோவமா வருது." உழுபவனுக்கே நிலம் என்று சுவர் சுவராக எழுதிய ஆள் நீ. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

உன் பஸ் வந்தது. நான் எழுந்து, சட்டைப் பையில் இருந்த செல்லை எடுத்தேன். நம்பரையும் ஊரையும் கேட்கத்தான். அதைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. கோபம் இல்லை, வெட்கம் மாதிரி ஒன்று.

"வேணாம் கதிர். கேக்காத."

"இனிமே நம்மள எவன்டா அடிக்கப் போறான்?"

"தெரியும். ஆனாலும் பழகிப்போச்சு. ஒம் பேரு எனக்குத் தெரியாம இருக்கறதுதான் நான் ஒனக்குச் செஞ்ச ஒரே நல்லது. அது இருக்கட்டும் வுடு."

ஏறிவிட்டாய். ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கிக் காட்டினாய், பஸ் போய்விட்டது. எனக்கு அப்போது அது பெரிய அன்பாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் ஆத்திரமாக வருகிறது. உன்மேல் மட்டும் இல்லை, என்மேலும், செத்துப்போன பெரிய தோழர்மேலும், அந்தச் சுருட்டின்மேலும். போலீஸ் நம்மைத் தேடுவதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகியும் நாம் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிந்துகொண்டே இருந்தோம். உலகத்தில் வேறு எந்த இரண்டு பைத்தியங்களாவது இப்படிச் செய்திருக்குமா?

சுவரொட்டி சொன்ன நாளில், உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு, காலை பஸ்ஸில் வந்தேன். ஊர்ப் பெயரைக் கண்டக்டரிடம் சொல்லி டிக்கெட் வாங்கியபோது ஏதோ விதியை மீறுவது மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டேன். இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. உன் வீடு ரோட்டை ஒட்டியே இருந்தது. வாசலில் பந்தல், உறவுக்காரர்கள், ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு. சிவப்புத் துணி ஒரு துண்டு எங்கேயும் இல்லை. தோழர் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆளும் வந்திருக்கவில்லை. அவர்களும் என் மாதிரி எங்கேயாவது உன் விபூதி முகத்தைப் படித்துவிட்டு டீ குடித்திருப்பார்கள்.

உன் மகளை அடையாளம் காண யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. வேர்க்கடலை உரிக்கும்போது நீ தலையைச் சாய்க்கிற மாதிரியே சாய்த்துப் பேசுகிறாள். அப்பாவுக்குப் பழக்கம் என்று மட்டும் சொன்னேன். நாற்காலி போட்டு, டீ கொண்டுவந்து கொடுத்தாள். உன் மனைவி முன்னமே போய்விட்டதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"மொத போஸ்டரு எங்க சித்தப்பா அடிச்சதுங்க. அந்த மொகத்தப் பாத்து எனக்கே யாருன்னு தெரியல. அதான் பதினாறுக்கு நானே அப்பா எப்பவும் இருக்குற போட்டோவா குடுத்தேன்" என்றாள். "அப்பாவுக்கு இவ்வளவு வயசுல ஒரு சிநேகிதரு இருப்பாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. யாரப் பத்தியும் சொல்ல மாட்டாரு."

எப்படி ஆனது என்று கேட்டேன்.

"பக்கவாதம்ங்க. ஒரு பக்கம் விழுந்துடுச்சு. வாயும் கோணிடுச்சு, பேச்சு வரல. கொஞ்ச நாள் கழிச்சு ஒரே ஒரு பேச்சு மட்டும் வந்துச்சு. எப்பப் பாத்தாலும் அதேதான்."

"என்ன பேச்சும்மா?"

"கதிரு வரலையா, கதிரு இன்னும் வரலையான்னு."

கையில் டீ இருந்தது. கீழே வைக்க இடம் தேடினேன், இடம் இருந்தும் கை போகவில்லை. அவள் ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்ற சோளக்காட்டைக் காட்டினாள்.

"இந்தக் காட்டைத்தாங்க கேட்டாரு. இந்த வருசம் மழை தள்ளிப்போயி வெதைப்பும் தள்ளிப்போச்சு. வந்துடும்பா, கதிரு வர நாளாவும்பான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். கேக்க மாட்டாரு. வாசல் பக்கமே பாத்துக்கிட்டு கெடப்பாரு. யாரு வந்தாலும் கதிரு வரலையாம்பாரு. எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும். பயிருக்குப் போயி இப்பிடி ஏங்குறாரேன்னு. அப்பறம் ஒரு நாள் பாத்தா, மொத கதிரு வெளிய வந்துருக்கு. ஒடிச்சுக்கிட்டு ஓடியாந்தேங்க. அப்பா, கதிரு வந்துடுச்சுப்பா, இந்தா பாருங்கன்னு நல்லா இருக்கற கையில குடுத்தேன்."

அவள் நிறுத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் உத்துப் பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. பாத்துட்டுச் சிரிச்சாருங்க, அந்தக் கோண வாயோட. கண்ணுலேருந்து தண்ணியாக் கொட்டுது, ஆனா சிரிக்கிறாரு. அதுக்கப்பறம் ஒரு தடவகூடக் கேக்கல. மறுநாளு போயிட்டாரு."



"எங்க அப்பாவுக்கு வெள்ளாமைன்னா அவ்வளவு உசுருங்க" என்றாள் உன் மகள். "எவ்வளவோ செய்ய நெனச்சேன், ஒண்ணும் செய்ய முடியல. கடைசியா கேட்டத மட்டுமாச்சும் காட்டி அனுப்புனோமேன்னு அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கறேன்."

நீ எதற்குச் சிரித்தாய்? ஆளைக் கேட்டால் பயிரைக் கொண்டுவந்து கொடுக்கிறாளே என்று சிரித்தாயா? அப்படித்தான் இருக்கும், அது உன் சிரிப்புதான். இல்லை, கண்ணும் மங்கி நினைவும் கலங்கிய அந்த நேரத்தில் கதிர் வந்துவிட்டது என்று மகள் சொன்னதை நம்பி, நான் வந்துவிட்டதாகவே நினைத்துச் சிரித்தாயா? எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது நடந்திருந்தாலும் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஆளை அனுப்பியிருக்கக் கூடாதா என்று நினைக்கிறேன். யாரை எங்கே அனுப்புவாய்? உன்னிடம் இருந்தது கதிர் என்ற மூன்று எழுத்து மட்டும்தானே. வாயில் மிஞ்சிய கடைசிச் சொல்லாகவும் அதையே வைத்திருந்தாய். நான் அப்போது பஸ் ஸ்டாண்டிலோ கடையிலோ எங்கேயோ சும்மா இருந்திருக்கிறேன், கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கிற தூரத்தில்.

நான்தான்மா கதிர். இந்த ஒரு வரி தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் பாரம் பாதியாகியிருக்கும். உன் மகள் என் கையைப் பிடித்து அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன். ஆனால் அதற்கப்புறம்? அப்பா கேட்டது பயிரை இல்லை, கடைசி வரை வாசலைப் பார்த்து ஒரு ஆளைக் கேட்டார், அது விளங்காமல் சோளக் கதிரைக் கையில் திணித்து அனுப்பிவிட்டோம் என்பது வாழ்நாள் முழுக்க அவளோடு இருக்கும். உன் சாவில் அவளுக்குக் கிடைத்திருக்கிற ஒரே ஆறுதல் அது. அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை.

"உங்க பேரு என்னங்க பெரியப்பா? எந்த ஊரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். அப்பா வைத்த பெயர், பிறந்த ஊர், இப்போது அரியலூரில் இருக்கிற தெரு, கடை எல்லாம் சொன்னேன். செல்லில் பதிந்துகொண்டாள். ஒருவேளை அப்பா உங்களைப் பற்றி என்றைக்காவது சொல்லி நான் மறந்துவிட்டேனோ என்று யோசித்துப் பார்த்தாள். "இந்தப் பேருல அப்பா யாரையும் சொன்னதில்லைங்களே" என்றாள் வருத்தமாக. பஸ்ஸில் ஏற்பட்ட பழக்கம்மா, அதிகம் பேசியதில்லை என்றேன். நீ ஆயுள் முழுக்கக் கேட்காத ஊரையும் பேரையும் உன் மகளிடம் கொடுத்துவிட்டேன். நீ கேட்டுக்கொண்டே கிடந்த பெயரை மட்டும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன். உன் படத்துக்கு முன்னால் நின்றபோது கை தானாக முஷ்டியாக மடங்கியது, உறவுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று பிரித்துக் கும்பிட்டேன். மன்னித்துக்கொள், கும்பிட்டால் உனக்குப் பிடிக்காது.

ஒரு வாரம் ஆகிறது. கடையில் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்குப் போகிறேன், மருந்து போடுகிறேன். அப்பா என்கிறார்கள், சார் என்கிறார்கள், ஜெராக்ஸ்காரர் என்கிறார்கள், எல்லாவற்றுக்கும் என்ன என்று கேட்கிறேன். கதிர் என்ற அந்த ஆளும் எனக்குள் இன்னும் இருக்கிறான், இருபது வயதில், கையில் பசை காய்ந்து. யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். கூப்பிடத்தான் ஆள் இல்லை.